யாரும் தொடாத வரிக்கு ஒரு கோடு

இன்று காலை மந்தைவெளியில் ரேஷன் கார்டுக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். கடைக்காரர் சூடாக நீட்டிய தாளை வாங்கியதும் அந்தப் பழைய பிரிண்டர் வாசனை மூக்கில் ஏறியது, லேசாகக் கருகின மாதிரி. உடனே தாளின் இடது ஓரத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் யார் எந்தத் தாளைக் கொடுத்தாலும் என் கண் ஓரத்துக்குத்தான் போகிறது. எல்லாம் உன்னால் வந்த வினை.

அப்போது ஆழ்வார்பேட்டை ஆபீஸில் நம் இருவருக்கும் ஒற்றை ஏசி அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் பக்கம் போக வேண்டும். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறை, குறைமாதக் குழந்தைகளை வைக்கிற கண்ணாடிப் பெட்டி செய்தது. அதன் சூட்டைக் கவனிக்கும் புரோகிராமும் நர்ஸுகளுக்கான கையேடும் நம் பொறுப்பு. நீ எழுதியதை நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன், நான் எழுதியதை நீ. திரையில் கையேடு வெறும் குறிகளும் வரிகளுமாக இருக்கும். பக்கமாக எப்படி வரும் என்று பார்க்க பிரிண்ட் எடுக்க வேண்டும். மாற்றிய வரிக்கு நேராக மட்டும் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும்.

நான் திரையிலேயே படித்து முடித்துவிடுவேன். மயிலாப்பூர்க்காரியின் திமிர். நீ விடமாட்டாய். "நர்ஸ் உன் புரோகிராமையா படிக்கப் போறா? பக்கத்ததான் படிப்பா. எட்து பாரு." எடுத்தால், கோடு விழுந்த வரிகளை மட்டும் பார்ப்பேன். அதற்கும் திட்டு. "கோடு இல்லாத எடத்தையும் பாருடி. அங்கதான் பேஜாரு கீது." வடபழனி டெப்போவரைக்கும் கேட்கிற குரல் உனக்கு.

அந்த வெள்ளிக்கிழமை, ஒரு கிலோவுக்கும் குறைந்த குழந்தைகளுக்காகப் புரோகிராமை மாற்றினாய். எந்த எடைக்கு எவ்வளவு சூடு என்று காட்டும் கையேட்டு அட்டவணையில் அவர்களுக்காகப் புதிதாக ஒரு வரிசையும் சேர்த்தாய். காய்ச்சலோடு சீக்கிரம் கிளம்பினவள், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாய்: "பக்கத்த எட்து பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"கடைசி வரிக்கும்?"

"பாத்துட்டேன்டி. நீ போய்ப் படு."

பார்க்கவில்லை. திரையில் எல்லாம் சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் காய்ச்சல் மஞ்சள் காமாலை ஆனது. பத்தாம் நாள் நீ இல்லை.

மூன்று வாரம் கழித்து, பட்டப்பகல் பதினொரு மணிக்கு, அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியை எடுத்தேன். உறையில் போட்டு ஒட்டத்தான் எடுத்தேன், படிக்க அல்ல. உன் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் பிரிண்டர் தாளைத் தள்ளியது. புது வரிசைக்கு நேராகக் கோடு. அது நியாயம். அடுத்த பக்கத்திலும் ஒரு கோடு, நீளமாக, ஐந்து வரிசைகளுக்கு நேராக. அந்த வரிசைகளை நீயும் தொடவில்லை, நானும் தொடவில்லை. ஏசி அறையில் எனக்குக் கழுத்து வியர்த்தது. அப்புறம்தான் படித்தேன். புது வரிசை சேர்ந்ததில் அட்டவணை பக்கம் தாண்டி, அங்கே சூடெல்லாம் ஒரு வரிசை கீழே இறங்கியிருந்தது. ஒன்றரைக் கிலோ குழந்தைக்கான சூடு இரண்டு கிலோ குழந்தைக்கு நேராக நின்றது. அதை நம்பி ஒரு நர்ஸ் பெட்டியின் சூட்டைக் கூட்டியிருந்தால், உள்ளே கிடப்பது வாய்விட்டு அழக்கூடத் தெம்பில்லாத குழந்தை.

எதையும் மாற்றாமல் மறுபடி பிரிண்ட் எடுத்தேன். தப்பு அப்படியே இருந்தது. அந்த நீளக் கோடு மட்டும் இல்லை. மூன்றாவது தடவையும் இல்லை. மை கசிந்திருக்கும் என்றார் பிரிண்டர் பார்க்க வந்த மெக்கானிக். முதல் வரிசையில் ஆரம்பித்து ஐந்தாவதில் நிற்கிற மாதிரியா கசியும் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

திருத்தி அனுப்பினேன். கடைசி நேரத்தில் பிடித்தேன் என்று ஆபீஸே பாராட்டியது. எனக்கு உன் நாற்காலிப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

இப்போது ஒரு வரியை மாற்றினால் முழுப்பக்கமும் தானாகவே திரையில் வந்து நிற்கிறது. "பாத்துட்டோம் மேடம்" என்கிறார்கள் என்னோடு வேலை செய்கிற பிள்ளைகள். அந்தச் சொல் காதில் விழுந்தாலே முதுகு சில்லிடுகிறது. என் வாயில் அது வருவதே இல்லை. இன்னொரு தடவை திறந்து, கடைசி வரிவரைக்கும் பார்க்கிறேன்.

யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. வாசலில் நின்று இரண்டாவது தடவையும் கேட்டாயே, அப்போதே உனக்குத் தெரியும், இல்லையா?