இஸ்திரி போட்ட கோதுமை

மார்ச் 4

அடுப்படி மகாராணிக்கு,

உன் தையல்காரன் எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். கரண்டி உன் கையில் அல்லவா இருக்கிறது. மூணாங்கிளாசோடு நின்ற கை, கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

அந்த நோயாளிகள் இல்லத்துக்குச் சமைக்கப் போனதிலிருந்து, அங்கே இருப்பவர்களைப் போலவே நீயும் கறி, பால், தயிர் எதையும் தொடுவதில்லை என்று எழுதியிருந்தாய். திரும்பி வந்தால் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பா என்று பயந்துபோய், நீ சொன்ன கோதுமை சாலட்டை நானே செய்து பார்த்தேன். முழுக் கோதுமையை ஊறவைத்து வேகவைத்தாயிற்று. வடித்துத் துணியில் பரப்பி ஈரத்தை எடு என்றிருந்தாய். ஈரம் எடுக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே? இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒரு தேய் தேய்த்தேன்.

அத்தனையும் அப்பளமாகி மேசையோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த ஆவி இருக்கிறதே, கடை முழுக்க மேகமாக நின்றது. தொங்கிய சட்டைகளெல்லாம் தூக்கத்தில் நடக்கிறவர்கள் மாதிரி அசைந்தன. தைக்கக் கொடுத்ததை வாங்க வந்த தபால்காரர் தன் சட்டையை மோந்து பார்த்து, "என்ன மாஸ்டர், தச்சீங்களா, அவிச்சீங்களா?" என்றார்.

எப்போது வருகிறாய்?

உன் ஊசிக்காரன்

மார்ச் 10

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் இங்கே பருப்பு அடிப்பிடித்துவிட்டது. கோதுமையைத் தேய்க்கக் கூடாது, உதறி ஆறவிட வேண்டும். புதினா, கொத்தமல்லியைக் கடைசியில் நறுக்கிப் போடுங்கள். சூடு பட்டால் கறுத்துவிடும். சீரகமும் மிளகும் வறுத்துப் பொடித்து, எலுமிச்சைச் சாறு, எண்ணெயோடு அடித்து ஊற்றுங்கள்.

மேலாளரம்மா என்னை இங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார். தங்க அறையும் உண்டாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வேலை பிடித்திருக்கிறது. நீங்கள் இல்லாதது பிடிக்கவில்லை. விளையாட்டை விட்டுவிட்டு ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 17

மகாராணிக்கு,

'வா' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் பசித்துவிட்டது. கோதுமையை உதறி ஆறவிட்டேன். பச்சையெல்லாம் நறுக்கிப் போட்டு, சீரகம் மணக்க ஊற்றிக் கிளறி, ஒரு வாய் வைத்தேன். கண் தானாக மூடிக்கொண்டது. மழை விட்ட தோட்டத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. பின்னால் நீ வெறுங்காலோடு நடப்பது கேட்டது. "உப்பு பாத்தியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினால், தையல் மிஷின்தான் நின்றது.

இதைச் சாப்பிடுகிறவர்கள் படுக்கையை விட்டு எழுந்து உட்காராமல் என்ன செய்வார்கள்? எனக்கு ஒருத்தனுக்கு ஆக்கிப்போட உன்னைக் கூப்பிட மனசு வரவில்லை. சரி என்று சொல்லிவிடு.

அங்கேயும் மனுசர்கள் துணி உடுத்திக்கொண்டுதானே திரிகிறார்கள்? ஆனால் நீ கூப்பிட வேண்டும். கூப்பிடாத வீட்டில் நுழைய நான் என்ன பூனையா?

உன் ஊசிக்காரன்

மார்ச் 23

என்னங்க,

சரி என்று சொல்லிவிட்டேன்.

அறை சின்னது. காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து பாதிக் கட்டிலில் நின்றுகொள்கிறது. நேற்று சுவரோரமாகப் படுத்துப் பார்த்தேன். தூக்கமே வரவில்லை. அது உங்கள் பக்கம்.

உங்கள் வீட்டுக்காரி