செல்வமக்கா எடுக்கச் சொன்ன வரி

சனிக்கிழமை காலை உங்கள் மகள் அனுப்பிய புத்தகம் தபாலில் வந்தது. நீங்கள் காலமான பிறகு அச்சான புத்தகம். நீங்கள் கட்டிய ஒவ்வொரு பாட்டும் யாருடைய வாயிலிருந்து எப்படி வந்தது என்று நீங்களே எழுதி வைத்தது. உறையைக் கிழித்ததும் புது மை மணத்தது. ஒழுங்கான ஆட்கள் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். நான் நேரே உள்ளடக்கத்துக்குப் போய் எங்கள் வேலைநிறுத்தம் எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

இருந்தது. நான்கு பக்கம். பாட்டு மட்டும் இல்லை. "இது நான் பாடியிருக்கக் கூடாத பாட்டு. அந்தப் பெண்ணிடம் இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும். தவறு முழுக்க என்னுடையது" என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே எனக்கு நன்றி வேறு. நல்ல மொழிபெயர்ப்பாளராம், நல்ல தோழியாம். வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்பை நிற்பாட்டினேன். அன்று எனக்குச் சமைக்க மனம் வரவில்லை.

அந்தத் தவறு உங்களுடையது இல்லை, என்னுடையது. அது தெரியாமலே நீங்கள் போய்விட்டீர்கள்.

அப்போது நாங்கள் லண்டனில் ஹவுன்ஸ்லோப் பக்கம் விமானங்களுக்குள் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தோம். சொல்லாமல் கொள்ளாமல் ஷிப்டை மாற்றுகிறார்கள் என்று வேலையை நிறுத்திவிட்டு ரோட்டோரம் நின்ற மூன்றாம் நாள், கம்பளித் தொப்பியும் கிற்றாருமாக நீங்கள் வந்தீர்கள். "ஆரோ ஜெபக்கூட்டத்து மனுசி போலை, துண்டுப் பேப்பர் தரப்போறா" என்றா பக்கத்தில் நின்ற செல்வமக்கா. நீங்கள் இரண்டு பாட்டுப் பாடினீர்கள். பிறகு கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு, "உங்கள் கதைகளை எனக்குச் சொல்வீர்களா?" என்று எங்களைக் கேட்டீர்கள். எங்களுக்குள் இங்கிலீஷ் கொஞ்சம் ஓடக்கூடியவள் நான். அதனால் எல்லாருக்கும் நானே வாயானேன்.

உங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் சொன்னதை வைத்துப் பாட்டுக் கட்டினால், அவருடைய வீட்டுக்குப் போய், அவருக்கு முதலில் பாடிக் காட்டாமல் மேடைக்குக் கொண்டுபோக மாட்டீர்கள். "சொன்னவர் சரியென்றால்தான் அது பாட்டு" என்பீர்கள். எங்களோடு வேலை செய்த பஞ்சாபிக்காரர் ஒருவர் தன் பாட்டு முழுவதுமே வேண்டாம் என்றபோது, அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்து, நன்றி சொல்லி, கடதாசியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு எழும்பினீர்கள். எனக்கென்றால் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்குக் கோபமே வரவில்லை.

செல்வமக்கா தன் கதையைச் சொன்னது ரோட்டோரத்தில் வைத்துத்தான். மன்னாரில் இருக்கும் தாய்க்குத் தன் வேலை இன்னதென்று அவ சொன்னதில்லை. "எயார்போட்டிலை கதிரை மேசையிலை இருந்து வேலை எண்டுதான் அம்மாவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்" என்றா. நான் அதை இங்கிலீஷில் இப்படிச் சொன்னேன்: என் அம்மாவைக் கேட்டால் எனக்கொரு மேசை இருக்கிறது, மேசைக்கொரு யன்னல் இருக்கிறது. யன்னல் நான் வைத்தது. செல்வமக்கா யன்னலைப் பற்றி வாயே திறக்கவில்லை. நீங்கள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "பாட்டு எழுத வேண்டியது நீதான், நானில்லை" என்றீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு முன் லண்டனில் யாரும் என்னை எதற்கும் மெச்சியதில்லை.

பிளேஸ்டோவில் செல்வமக்காவின் குசினியில் நீங்கள் பாடிக் காட்டினீர்கள். ஒவ்வொரு கண்ணி முடிய நான் அவவுக்குத் தமிழில் கருத்துச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கேட்டவ, மேசையும் யன்னலும் வருகிற அந்த வரிக்கு வந்ததும் முகம் சுருங்கிப் போனா.

"எல்லாம் நல்லாயிருக்கு பிள்ளை. அந்த ஒண்டை மட்டும் எடுக்கச் சொல்லு. அம்மான்ரை காதுக்குப் போனா அவ தாங்க மாட்டா."

என்ன சொல்கிறா என்று கேட்டீர்கள். "பிடித்திருக்கிறதாம், கொஞ்சம் வெட்கப்படுகிறா" என்றேன். செல்வமக்காவின் பக்கம் திரும்பி, "ஓம், எடுக்கிறன் எண்டு சொல்லுறா" என்றேன். ஒரே மூச்சில் இரண்டு பொய். இங்கிலீஷ் பாட்டு மன்னாருக்கு எங்கே போய்ச் சேரப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் யன்னலை இழக்க எனக்கு மனமில்லை.

நீங்கள் அதை ரோட்டோரத்தில் பாடியபோது செல்வமக்கா உங்கள் பக்கத்தில்தான் பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றா. கூட்டத்தின் சத்தத்தில் அவவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யாரோ போனில் வீடியோ பிடித்து இணையத்தில் போட்டார்கள். யாரோ அடியில் வரிக்கு வரி தமிழில் கருத்து எழுதினார்கள். ஒரு கிழமைக்குள் அது மன்னாருக்குப் போய்விட்டது. அயலட்டையில் உள்ளவர்கள் தாய்க்குக் காட்டியிருக்கிறார்கள். "எனக்கேன் பொய் சொன்னனீ?" என்று ஒரு கேள்வி கேட்டு வைத்த அந்த அம்மா, அதன்பிறகு ஒரு வருசம் மகளின் போனுக்கு வரவில்லை.

அடுத்த கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. செல்வமக்கா நேரே உங்கள் முன்னால் வந்து நின்றா. "எடுக்கச் சொன்னனான் தானே? பிறகேன் பாடினனீங்கள்?" நான் உங்களுக்குச் சொன்னது: "அம்மா கேட்டுவிட்டாவாம், மனம் உடைந்து போனாவாம்." உங்கள் முகம் வெளுத்தது. "அவ சம்மதித்தா என்றல்லவா நினைத்தேன். என்னை மன்னிக்கச் சொல்லு" என்றீர்கள். நான் செல்வமக்காவுக்குச் சொன்னது: "மன்னிக்கட்டாம்." இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு வசனத்தை விழுங்கினேன். என்னைத் தவிர அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பாட்டை எந்த மேடையிலும் பாடவே இல்லை.

இப்போது நான் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்க்கிறேன். ஒரு சொல்லும் விடுவதில்லை. போன மாதம் ஒரு ஐயா டாக்டரை விசரன், பைத்தியக்காரன் என்று ஏசினார். அதையும் சொன்னேன். இரண்டு பேரும் என்னைத்தான் முறைத்தார்கள். இந்த ஒழுக்கமெல்லாம் உங்களுக்கு உதவாத காலத்தில் வந்தது. உங்கள் செத்தவீட்டில் உங்கள் மகள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதபோதாவது வாயைத் திறந்திருக்கலாம். சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வெட்கங்கெட்டவள்.

புத்தகம் வந்த அன்றே உங்கள் மகளுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். மறுநாள் பிளேஸ்டோவுக்குப் போனேன். செல்வமக்காவுக்கு முன்னால் புத்தகத்தை விரித்து, நீங்கள் எழுதியதைச் சொல் சொல்லாகத் தமிழில் சொன்னேன். பிறகு நான் செய்ததைச் சொன்னேன். ஏசுவா, வெளியே போ என்பா என்றுதான் இருந்தேன். அவ புத்தகத்தை மெல்ல மூடினா.

"அவ இஞ்சை வந்தவ, தெரியுமோ?"

எனக்குத் தெரியாது.

"அந்தக் கூட்டம் முடிஞ்சு ரெண்டு கிழமையாலை. தனிய, கிற்றாரோடை. மணி அடிச்சவ. நான் கதவுக்குப் பின்னாலை நிண்டனான், திறக்கேல்லை. வாசல்லை நிண்டே அந்தப் பாட்டைப் பாடினவ. மெட்டு எனக்குத் தெரியும் தானே. அந்த வரி வாற இடத்திலை வாயை மூடிக்கொண்டு நிண்டா. பிறகு மிச்சத்தைப் பாடி முடிச்சவ. நான் ஓமெண்டு சொல்லேல்லை. கதவு திறக்குதோ எண்டு பாத்திட்டுப் போயிட்டா."

"ஏன் திறக்கேல்லை அக்கா?"

"நான் வேண்டாமெண்டது தெரிஞ்சும் வேணுமெண்டு பாடின மனுசி எண்டு நினைச்சன். நீ அண்டைக்கே சொல்லியிருந்தா கதவைத் திறந்து ஓம் எண்டிருப்பன், பிள்ளை. அந்த ஒண்டு இல்லாட்டி அது நல்ல பாட்டு."

அவ அழவில்லை. நான்தான் அழுதேன். அதற்கும் எனக்கு உரிமை இருந்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது ரெயிலில் அந்தப் பாட்டை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். புத்தகத்தில் அது இல்லை. போனில் பிடித்தவர்கள் அப்போதே அழித்துவிட்டார்கள். கேட்பதற்கு நீங்களும் இல்லை. ஏழு கண்ணி இருந்தது. போர்வை மடிக்கிற கண்ணி ஒன்று, சிரிக்க வைக்கிற கண்ணி ஒன்று இருந்தது தெரிகிறது, சொற்கள் வரவில்லை. ஹவுன்ஸ்லோ வரும் வரைக்கும் முயன்று பார்த்தேன். எனக்கு அந்த ஒரு வரி மட்டும்தான் வருகிறது.