முட்டுக் கொம்பை உருவும் நாள்

சாந்தோம், சென்னை-4
28-8-1974

அன்பு மகன் பிலிப்புக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் இங்கே மூவரும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் உன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, எழுத உட்கார்ந்தால் அடையாற்றில் கட்டுகிற நம் புது வீட்டுப் பேச்சே வருகிறது, தூரத்தில் இருக்கிற பிள்ளையை ஏன் கலவரப்படுத்த வேண்டும் என்று மடித்து வைத்துவிடுவேன். இன்றைக்கு அப்படி மடித்து வைக்க முடியவில்லை. வெரோனிகாவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து இறங்கிவிட்டது, கன்னம் வற்றியதும் வாய் திறந்துகொண்டது, நாள் முழுக்க அண்ணன் எப்போ வரும் என்று ஒரே கேள்விதான்.

சுதந்திர தினத்துக்கு மறுநாள் முன் அறைக்கு மேல்தளம் போட்டோம். நீ சொல்லிவிட்டுப் போன அதே கசடு கலந்த சிமெண்டுதான். நீ வேலை பார்க்கிற ஆலையில் இரும்பு உருகும்போது மேலே மிதப்பதை வழித்தெடுத்துத் தண்ணீர் அடித்துக் குளிரவைத்து அரைத்துக் கலப்பது என்று கோடை லீவில் சாப்பாட்டுத் தட்டில் சாம்பாரை வழித்துக் காட்டினாயே, எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. முதலில் மெதுவாக இறுகும், பிறகு சாதா சிமெண்டைவிடக் கெட்டிப்படும், நாலு வாரம் தளத்தை அடியில் தாங்குகிற முட்டுக் கொம்பைத் தொடவே கூடாது என்றும் சொன்னாய். மூன்றாம் நாள் ஓரத்துப் பலகைகளை மட்டும் பிரித்தார்கள். உள்ளே காங்கிரீட் பச்சையும் நீலமுமாக இருந்தது பிலிப், குளத்துப் பாசி மாதிரி. ரகுபதி மேஸ்திரி மோந்து பார்த்துவிட்டு, இன்னாம்மா இது, அழுகின முட்டை நாத்தம் வருது, எங்க நைனா காலத்துலேர்ந்து கரண்டி புடிக்கிறேன், இந்தக் கலர நான் பாத்ததே இல்ல என்றார். பக்கத்து மனை அமீனா பீ எட்டிப் பார்த்து, குப்பையில கட்டினா குப்பைக் கலர்தானே வரும் என்று சிரித்தார்கள். நல்ல மனுஷிதான், வேடிக்கைக்குத்தான் சொன்னார்கள், எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நாலைந்து நாளில் அந்தப் பச்சை தானாகவே வெளுத்துவிட்டது. வெளுத்ததும் பயம் போக வேண்டுமல்லவா, கூடிவிட்டது, அது எங்கே போயிற்று, உள்ளே இறங்கி எதையாவது தின்கிறதா என்று. நிறம் மாறும் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நீ வயிற்றில் இருக்கும்போது பி.ஏ. பரீட்சை எழுதியவள்தான் நான், ஆனால் படித்தது சரித்திரம், இதற்கு அது உதவவில்லை. தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம், வற்றவிடாமல் நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் தேதி மாதா பிறந்தநாள், அன்றைக்கு அந்த அறையை மந்திரிக்க வருவதாகப் பங்குச் சாமியார் ஒப்புக்கொண்டுவிட்டார். அறை முழுக்கச் சவுக்குக் கொம்பு நின்றால் நாலு பேர் எப்படி நிற்பார்கள் என்று அப்பா ஆறாம் தேதி வெள்ளிக்கிழமையே உருவச் சொல்லிவிட்டார். நாலு வாரத்துக்கு இன்னும் ஒரு வாரம் குறைகிறது. கேட்டால், அவன் சின்னப் பையன், பயந்து ஒரு வாரம் கூட்டிச் சொல்லியிருப்பான் என்கிறார். மேஸ்திரி சும்மா இருந்திருக்கலாம், சார், அவ்ளோ நம்பிக்கன்னா கொம்ப உருவுறப்போ நீங்க அடியில நில்லுங்க, நான் அந்தாண்ட நின்னு தட்டி வுடறேன் என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தார். அப்பா சிரிக்கவில்லை. நிற்கிறேன், என் மகன் சொன்ன சிமெண்டு என்றார். தன்னோடு வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவைத்திருக்கிறார், இரண்டு பேர் பார்க்க வேறு வருகிறார்களாம். வேண்டாம் என்று நான் வாய் திறந்தால், பெற்ற பிள்ளையையே நம்பமாட்டாயா மர்சலின் என்கிறார். உன்னை நம்புவதால்தானே அந்த ஒரு வாரத்தைக் கேட்கிறேன், அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் தந்தி அடி. நாலு வாரம் முடியுமுன் கொம்பை எடுக்கக் கூடாது என்று மட்டும் இருக்கட்டும். அம்மா பயப்படுகிறாள் என்று வரவே கூடாது, சிமெண்டுக்கு நாள் வேண்டும் என்று அடி, அதை அவர் கேட்பார். சாமியாரிடம் போய் நாள் மாற்றுவது என் பாடு. உலை பக்கம் போகும்போது பூட்ஸ் போடாமல் போகாதே, காலையில் வெறும் டீயோடு ஓடாதே, பருப்புப் பொடி தனியாக அனுப்பியிருக்கிறேன். தேவமாதா உன்னை எந்த ஆபத்தும் அண்டாமல் காக்கட்டும். அப்பாவிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். தந்தி வராமல் வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டால், வெரோனிகாவை அமீனா பீயிடம் விட்டுவிட்டு நானும் உள்ளே போய் அப்பா பக்கத்தில் நின்றுகொள்வேன்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து முத்தமிடும்
அம்மா மர்சலின்