ராசியில்லாத ஆமைகள்

12 ஜூன் 2005, ஞாயிறு

பூசை முடிந்து வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கேட்டில் ஒரு கார். பொம்மனஹள்ளியிலிருந்து புருஷனும் பெண்சாதியும் ஒரு பக்கெட்டோடு இறங்கினார்கள். உள்ளே சோற்றுத்தட்டு அளவில் ஓர் ஆமை, காதோரம் சிவப்புக் கோடு. சிவாஜிநகர் கலர் மீன் கடையில் வாங்கும்போது ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி இருந்ததாம். வடக்கு மூலையில் வைத்தால் அமெரிக்க விசா நிச்சயம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தூதரகத்தில் இரண்டு முறை மறுத்துவிட்டார்களாம். ராசியில்லாத ஆமை என்றார் அந்த அம்மாள், ஆமையின் காதுபடவே.

விசா என்றே பேர் வைத்தேன். எதற்காக வாங்கினார்களோ அதுதான் பேர், இங்கே அதுதான் வழக்கம். கொல்லைத் தொட்டிகளில் ஏற்கெனவே ப்ரமோஷன், சொந்த ஃப்ளாட், ஆண் குழந்தை, இரண்டு மாப்பிள்ளை எல்லாம் நீந்துகின்றன.

வேண்டாத ஆமையை ஏரியில் விடாதீர்கள், எங்களிடம் கொடுங்கள் என்று நானும் மகள் சிந்தியாவும் நோட்டீஸ் ஒட்டினாலும் ஒட்டினோம். கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடுகிறார்கள்.

15 ஜூன்

விசா, ஆம்ப்ரோஸின் கட்டைவிரலைக் கடித்தது. செபமாலை சொல்லும் வாயால் என் புருஷன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

26 ஜூன்

வீட்டு ஓனர் காந்தாக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் காபி இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

மகன் எத்திராஜுக்குப் பார்த்த மூன்றாவது பெண் வீடும் கைவிரித்துவிட்டது. பையனுக்கு நாற்பது ஆகப்போவது காரணம் இல்லை, தலையில் முடி போனதும் காரணம் இல்லை. காரணம் என் கொல்லையில் இருக்கிறது.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க, பிரிஜெட்டு? காவேரி தண்ணி வர்றதே ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதுல உன் ஆமைங்களுக்கு ஒரு பங்கு வேற. ஆகஸ்ட்டுக்குள்ள அதுங்க போவணும். இல்ல நீங்க போவணும்."

பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறோம். என் பிரசவத்துக்கு ஆட்டோ பிடித்து வந்தவரே இவர்தான். கோபத்தில் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, முகம் அழுகிற மாதிரி இருந்தது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

4 ஜூலை

கேட்ட மிருகக் காப்பகமெல்லாம் கைவிரிப்பு. நம் ஊர் நட்சத்திர ஆமை என்றால் எடுத்துக்கொள்வார்களாம், இவை வெளிநாட்டுச் சரக்காம். ராத்திரியோடு ராத்திரியாக அல்சூர் ஏரியில் விட்டுவிடலாம் என்றார் ஆம்ப்ரோஸ். ஏரியில் இருக்கிற மீன் குஞ்சு, தவளைக் குஞ்சு எல்லாவற்றையும் தின்று தீர்க்கும், அதற்குத்தானே நோட்டீஸே ஒட்டினோம் என்று சிந்தியா கத்தினாள். அப்புறம் மூன்று பேரும் டீ குடித்தோம்.

17 ஜூலை

கோயிலுக்குப் பின்னால் மாதா கெபி இருக்கிறது. கல்லால் குகை மாதிரி கட்டி, உள்ளே மாதா சுரூபம், காலடியில் சின்னக் குளம். குளத்தில் தண்ணீரைத் தவிர எல்லாம் கிடந்தது: பிளாஸ்டிக் கப், வாடின மாலை, ஒற்றைச் செருப்பு. இதைச் சுத்தம் பண்ணித் தண்ணீர் நிரப்பித் தருகிறோம், ஆமைகளை விடலாமா என்று ஃபாதரிடம் கேட்டேன். நோவா பேழையில் ஏற்றினதுதானே, விடுங்கள் என்றார். பங்குப் பேரவைச் செயலாளர் சந்தானம் மட்டும் முகத்தைச் சுளித்தார். அவர் சுளிக்காத விஷயம் பங்கில் உண்டா?

31 ஜூலை

கொல்லை காலி. காந்தாக்கா காபி கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தேன். எனக்கும் வெட்கமில்லை.

14 ஆகஸ்ட்

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

வெயில் காய்வதற்காகக் குளத்து நடுவில் கல் போட்டிருந்தோம். ஆமைகள் அதில் ஏறிக் கழுத்தை நீட்டி மேலே பார்க்கும். மேலே வெயில் இருக்கிறது. மாதாவும் இருக்கிறார். ஆமைகள் மாதாவைப் பார்த்து செபம் சொல்கின்றன என்று யாரோ கிளப்பிவிட, யாருக்கோ கால் வீக்கம் வடிந்துவிட, இன்று குளத்தில் எண்ணினால் நான் விடாத ஆமைகள் கிடக்கின்றன! நாணயம் அளவில், இத்தனை குட்டிகள். நேர்த்திக்கடனாம். சிவாஜிநகர் கடையில் வாங்கிக்கொண்டு வந்து மாதாவுக்குக் காணிக்கையாக விடுகிறார்கள்.

வேண்டாத ஆமையைக் காப்பாற்ற வந்தவள் அந்தக் கடைக்காரனுக்கு வியாபாரம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். இதைவிடக் கேவலம் உண்டா? ஃபாதரிடம் சொன்னால், ஜனங்களின் விசுவாசம் அம்மா என்று கையை விரிக்கிறார்.

29 ஆகஸ்ட்

கொடியேற்றம். நல்ல கூட்டம். குளத்தில் பொரி, பூ, உருகின மெழுகு. சாயங்காலம் ஆண் குழந்தை மிதந்தது. மெழுகு தொண்டையில் அடைத்திருக்க வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு கெபிப் படியிலேயே அழுதேன். ஆமைக்கு அழுகிறாளே என்று பார்த்துக்கொண்டு போனார்கள். போகட்டும்.

2 செப்டம்பர்

திருவிழா முடிந்ததும் காணிக்கையை ஏலம் விடுவது வழக்கம்: கோழி, ஆடு, தேங்காய்க் குலை, மாதாவுக்குச் சாத்தின புடவை. இந்த வருஷம் ஆமைகளும் சேர்த்தி. என்னுடையவை காணிக்கை இல்லையே என்றேன். சந்தானம் சொன்னார்: "கெபிக்குள்ள வந்துடுச்சின்னா மாதாவுக்கு வந்த மாதிரிதாம்மா. இதுல உன்னுது எது, ஜனங்களுது எதுன்னு யார் பிரிக்கிறது?" கெபி கேட்டுக்குப் பூட்டும் போட்டுவிட்டார்.

சுவர் ஏறிக் குதிக்கலாம் என்கிறாள் சிந்தியா. குதித்து? எங்கே கொண்டுபோவது? ஒன்று ஆமைக்கு இடமில்லை, இல்லையென்றால் எங்களுக்கு இடமில்லை.

9 செப்டம்பர்

கலர் மீன் கடைக்காரன் வந்து குளத்தைப் பார்த்துவிட்டுப் போனானாம். மொத்தமாக எடுக்கப்போகிறான். விற்றதையே வாங்கி மறுபடியும் விற்பான். விசா மறுபடி யார் வீட்டு வடக்கு மூலைக்கோ.

ஏலத்தில் தானே கேட்கப் போவதாக ஆம்ப்ரோஸ் சொன்னார். விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. இந்த மனுஷனை என்னவென்று சொல்வது?

11 செப்டம்பர், ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

கோழி போனது, ஆடு போனது. அப்புறம் பிளாஸ்டிக் டப்பில் ஆமைகள். கடைக்காரன் கேட்டான். ஆம்ப்ரோஸ் ஏற்றினார். அவன் ஏற்றினான். ஆம்ப்ரோஸ் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அதற்கு மேல் எங்களிடம் இல்லை. சந்தானம் ஒரு தரம் சொன்னார், இரண்டு தரம் சொன்னார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் ஏற்றிக் கேட்டது. காந்தாக்கா. இந்துவானாலும் சனிக்கிழமை தவறாமல் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்தான், ஆனால் ஏலத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. கடைக்காரன் மறுபடி ஏற்ற, அவனைத் திரும்பிப் பார்த்து, "மாதா வூட்டு பொருள கடையில வெச்சி விப்பியாடா நீ?" என்றார். கூட்டம் மொத்தமும் அவனைப் பார்த்தது. அவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆட்டோவில் டப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கொல்லையில் இறக்கச் சொன்னார். அக்கா, இந்த வீட்டுக்கா என்று கேட்டேன்.

"உன் ஆமையா இருந்தப்ப வாணாம்னேன். இது மாதா குடுத்த ஆமை. ஏலத்துல எடுத்தத வாசல்ல நிறுத்தக் கூடாது."

என் ஆமைகள் இனி என் ஆமைகள் இல்லை. அந்தத் தொட்டியோரமே உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகிவிட்டது.

20 செப்டம்பர்

தண்ணீர் கலங்கலாக இருக்கிறதாம். மாதா ஆமையை இப்படியா வைத்துக்கொள்வது என்று மாடியிலிருந்து வசை. அடியே காந்தாக்கா!

16 அக்டோபர்

எத்திராஜுக்குப் பார்த்த இன்னொரு இடமும் போன வாரம் தட்டிப்போனது. காந்தாக்கா இரண்டு நாள் எல்லாரையும் திட்டித் தீர்த்தார். ஆமைகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்று காலை ஒரு பெண் பக்கெட்டோடு வந்தாள். காந்தாக்கா கேட்டிலேயே மறித்துவிட்டார். இது மாதா ஆமை இல்லையே, கடை ஆமை என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாடிக்குப் போனார். முடிந்தது, இனி புது ஆமைக்கு இங்கே இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பிஸ்லேரி பாட்டிலோடு இறங்கி வந்தார். கெபிக் குளத்துத் தண்ணீர். எத்திராஜை விட்டுப் பிடித்துவரச் சொல்லி, நிறைய பாட்டில் வைத்திருக்கிறாராம். ஆமையின் முதுகில் கொஞ்சம் ஊற்றினார், சிலுவை போட்டார், தன் கழுத்துத் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ம், இப்ப உள்ள எடுத்துனு போ," என்று கேட்டைத் திறந்துவிட்டார். "அடுத்தது வந்தாலும் என்னை எழுப்பு."