அம்மா போனில் இருக்கும் படம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. விசாரணை முடியும்வரை முகாமில் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதனால்தான் நானும் பேனாவைத் தேடிப் பிடித்தேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நாள் முழுக்க பஸ் ஓட்டுகிற கை.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், என் நரையை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அப்பா மாடிக் குழாயைச் சரிசெய்கிறேன் என்று நன்றாக இருந்ததையும் கழற்றிப் போட்டிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டாளத்து நண்பர்கள் குழுவுக்கு அனுப்ப வேண்டியதை நம் வீட்டுக் குழுவில் போட்டுவிட்டு, அடுத்த நிமிஷமே அழித்தாயே, அந்தப் படம் அம்மா போனில் தானாக இறங்கி உட்கார்ந்திருக்கிறது. யாருடி இந்தப் பொண்ணு, லட்சணமா இருக்காளே, நமக்குக் காட்டத்தான் அனுப்பினானா என்று அம்மா ஆசையாகக் கேட்டாள். எட்டிப் பார்த்தேன். வண்டி ஷெட் குழாயடியில், யாரோ படமெடுப்பது தெரியாமல் தலை கழுவிக்கொண்டிருக்கிறாள் ஒரு பெண். படத்தின் மேலேயே பத்துக்கு இத்தனை என்று உன் கூட்டாளிகள் அவள் உடம்புக்குப் போட்ட மார்க். அடியில் உன் பட்டப்பெயரோடு நீ சேர்த்த ஒரு வரி. அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அம்மா படிப்பதற்குள் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

எடுத்தது நான் இல்லை, அனுப்பினது மட்டும்தான் என்கிறாய். படத்தில் இருக்கிறவள்தான் புகார் கொடுத்தவள், உங்கள் பிரிவிலேயே லாரி ஓட்டுகிறவள். போனைக் கொடுக்கும் முன்பே படத்தை அழித்துவிட்டு, அப்படி ஒரு படமே கிடையாது, அவள் கதை கட்டுகிறாள் என்று அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணையில் எல்லாரும் ஒரே மாதிரி சொல்லப் போகிறீர்களாம். பொய்ப் புகார் என்று முடிந்தால் அவள் வேலை போய்விடுமாம். அம்மா போன்ல இருந்தா அழிச்சிடுக்கா என்று எனக்கு உத்தரவு வேறு. நல்லா இருக்குடா உங்க நியாயம்!

நான் டிப்போவில் சேர்ந்த புதிதில் ஒருத்தன் என் படத்தை டிப்போ குழுவில் போட்டுக் கேவலமாக எழுதினானே, நீ லீவு போட்டு ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தாய். உன் கோபத்தைப் பார்த்துத்தான் மறுநாள் வேலைக்குப் போகத் தெம்பு வந்தது. அவளுக்கும் ஒரு தம்பி இருப்பான். அவன் வந்தால் யார் சட்டையைப் பிடிப்பான், நீயே சொல்லு.

வெட்கமாக இருக்கிறது எனக்கு. கோபம் ஒரு பக்கம், நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்கிற கவலை ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால் தண்டனை உண்டு, கூட இருப்பவர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், வேலையே போனாலும் போகும். எல்லாம் தெரியும். போனால் வீட்டுக்கு வா. சோறு போட நான் இருக்கிறேன்.

படத்தை அழிக்கவில்லை. போன் என் பையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு டிப்போவில் லீவு சொல்லிவிட்டேன். காலையில் உன் முகாம் வாசலில் நிற்பேன். அதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிவிடு. என்னை உள்ளே வர வைக்காதேடா, கண்ணு.

அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். நீயும் நன்றாக இரு.

உன் அக்கா