கடலுக்குள் பேச்சி பார்த்தது

மாசி 3, ஞாயிறு

பசுமலை, மகன் செல்வம் வீடு. விடியும்போதே புழுக்கம். மூட்டை கட்டியாயிற்று. வேட்டி நாலு, பிரசர் மாத்திரை, திருநீறு, ஊறுகாய், பெண்டாட்டி பேச்சிக்குச் சேலை ஐந்து. கடலில் இறங்க எனக்குச் செல்வம் அரைக்கால்சட்டை ஒன்று எடுத்து வந்திருக்கிறான். போட மாட்டேன் என்றேன். நாளை ஏரோப்ளேன். அந்தமான்.

இந்த டைரியும் அவன் கொடுத்ததே. பள்ளிக்கூடம் மிதிக்காதவன் நான். அறுபதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகினேன். பேச்சி என்று முழுசாக எழுதினால் கை வலிக்கிறது. இனி பே.

பே. வருவதே அதிசயம். மகள் ஒச்சம்மா போனதிலிருந்து தண்ணீர்ப் பக்கம் போகாதவள். கண்மாய் நிறைந்தால்கூட எட்டிப் பார்க்க மாட்டாள். குளிக்க வாளித் தண்ணீர்தான். செல்வத்திடம், நானும் வாரேன்டா என்றாளாம். என்னிடம் சொல்லவில்லை.

மாசி 5, செவ்வாய்

தீவு. நல்ல வெயில், காற்று. கடல் பாசிமணிப் பச்சை.

வாழைப்பழம் மாதிரி ஒரு படகு. ஆறு பேரை ஏற்றி நடுக்கடலில் கவிழ்க்கிறார்கள். விழுந்தவர்கள் சிரிக்கிறார்கள். அடியில் கண்ணாடி வைத்த படகு ஒன்று. துடுப்புப் படகு. பிறகு, ஆழத்தில் முங்கி மீன் பார்ப்பது.

முங்கும் இடத்தில் வயசு கேட்டார்கள், பிரசர் கேட்டார்கள். ஐயா கரையில் இருக்கட்டும் என்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் எந்தக் கிணற்றில் பித்தளைத் தவலை விழுந்தாலும், மனுசரே விழுந்தாலும் எனக்குத்தான் ஆள் வரும். ஆறு ஆள் மட்டம் மூச்சடக்கிப் போவேன். இங்கே பிளாஸ்டிக் நாற்காலி.

இறங்குகிறவர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் மிதக்கும் சட்டை. எங்கள் ஊரில் சுரைக்குடுக்கை. செல்வத்துக்கு ஏழு வயதில் முதுகில் இரண்டு குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளினேன். மூன்றாம் நாள் நீந்திவிட்டான். ஒச்சம்மா மேட்டில் நின்று பார்த்தாள். தலையில் கனகாம்பரம்.

“எனக்கும் கட்டி விடுங்கய்யா.”

பொம்பளப் பிள்ளை கிணற்றில் குதித்தால் ஊர் சிரிக்கும் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஒன்றும் மறக்கவில்லை.

அவளுக்குப் பதினாலு வயதில், படிக்கல் வழுக்கி, அதே கிணற்றில். நான் மாட்டுச் சந்தையில். ஆள் வந்து சொல்லி, ஓடி வந்து, நானேதான் முங்கி எடுத்தேன்.

முப்பத்தொரு வருஷம். பே. ஆக்கிப் போட்டாள், பேசினாள், சண்டை போட்டாள். அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியதுமில்லை. திட்டியிருக்கலாம்.

மாசி 6, புதன்

மேகமே இல்லை. இட்லி கல். சாம்பாரில் இனிப்பு.

கடலில் கூட்டிப்போய் மீன் காட்ட ஒரு பெண், ஜெயா. முப்பது வயதிருக்கும். தாத்தா காலத்தில் பரமக்குடியிலிருந்து வந்த குடும்பமாம். அவள் நீந்தி வருவதையே பே. பார்த்துக்கொண்டிருந்தாள். கரையேறியதும் கூப்பிட்டாள்.

“நீச்சல் யாரு தாயி சொல்லிக் குடுத்தா?”

“எங்கப்பாதான் பாட்டி.”

பே. என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை.

அப்புறம், நானும் இறங்குகிறேன் என்றாள். செல்வத்துக்குப் பயம். இடுப்பளவு தண்ணீர்தான், ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம் என்றாள் ஜெயா. நான் எழுந்து கையை நீட்டினேன்.

“நீங்க உக்காருங்க,” என்றாள் பே. கோபமில்லை. ஜெயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சேலைக்கு மேல் ஆரஞ்சுச் சட்டை. டிராபிக் போலீஸ் கணக்கா இருக்க ஆத்தா என்று செல்வம் சிரித்தான். போடா எடுபட்ட பயலே என்றாள்.

கண்ணாடி மாட்டி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். கரையிலிருந்து பார்க்க முதுகு மட்டும். சேலை பரவிக் கிடந்தது. எத்தனையோ கிணற்றில் பார்த்த மிதப்பு. ஓடினேன். முழங்கால் தண்ணீரில் செல்வம் பிடித்து நிறுத்திவிட்டான். அதற்குள் தலையைத் தூக்கினாள். மூச்சு வாங்கினாள். மறுபடி வைத்தாள்.



மாசி 7, வியாழன்

திரும்புகிறோம். சேலை காயவில்லை, உப்புப் பூத்துக் கிடக்கிறது. செல்வம் டிக்கெட் வாங்கப் போனான்.

படகுத்துறை பெஞ்சில் பே. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மஞ்சள் மீன் ஒன்று விரலைக் கொத்திப் பார்த்ததாம். அடி மணலில் வெயில் வலை வலையாக ஆடியதாம். “உள்ள அம்புட்டு வெளிச்சம்,” என்றாள். என் பக்கம் திரும்பினாள்.

“நம்ம கெணத்துக்குள்ளயும் இப்படித்தான் இருந்துச்சா?”

அன்று உள்ளே கண் தெரியவில்லை. ஒரே கலங்கல். கையால் துழாவினேன். மூன்றாவது முங்கலில் சடை கையில் சிக்கியது.

“ஆமா. அடி மணலு வரைக்கும் வெளிச்சந்தான்,” என்றேன்.

என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பாறைய வெட்டுன கெணத்துல ஏதுங்க மணலு?”

படகுக்குக் கூப்பிட்டார்கள். பையை அவளே தூக்கிக்கொண்டாள்.