கல்லில் நான்காவது பெயர்

ஹார்லோ, வட கரோலினா
12 ஜனவரி 2010

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

உன் முகவரியை உங்கள் தேவாலயத்தில் கேட்டு வாங்கினேன். ஐம்பது வருடம் கழித்து வருகிறது என்று கிழித்துப் போட்டுவிடாதே.

வெள்ளையர் மட்டும் உட்காரலாம் என்றிருந்த உணவுக் கடையில் நம் கறுப்பினக் கல்லூரிப் பிள்ளைகள் போய் உட்கார்ந்ததற்கு இது ஐம்பதாம் ஆண்டு. எங்கள் மாணவர் சங்கம் கல்லூரி வாசலில் கல் நடுகிறது. நான்கு பெயர்கள். நான்காவது நான்.

அன்று கடை வாசலில் என் கால் நகரவில்லை. கல்லூரிச் சமையலறையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த நீ, "கழட்டிக் குடுடா சங்கத்துக் கோட்ட. நாலுன்னு சொல்லிட்டு மூணு பேர் போனா சிரிப்பானுங்க" என்றாய். என் கோட்டைப் போட்டுக்கொண்டு நீ போய் உட்கார்ந்தாய். பத்திரிகைப் படத்தில் உன் முதுகுதான் தெரிந்தது. என் பெயரைப் போட்டார்கள். மற்ற மூவரும் சங்கத்தின் மானம் என்று வாய் திறக்கவில்லை. இன்று மூவருமே இல்லை.

கொதிக்கிற காபியை உன் கழுத்தில் ஊற்றினார்கள். ஒரு வாரம் வரவில்லை என்று சமையலறையில் உன்னை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில், பள்ளி பள்ளியாகப் போய் அந்தக் காபி என் கழுத்தை எப்படிச் சுட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், ஆம்ப்ரோஸ். எழுதவே கூசுகிறது.

நான் என்ன செய்யட்டும்?

லூசியஸ் டார்ப்லி

பால்டிமோர்
25 ஜனவரி 2010

லூசியஸ்,

கிழிக்கவில்லை. என் மனைவி கிழிக்கச் சொன்னாள்.

கல்லூரி மாணவன் உட்கார்ந்தால் செய்தி. சமையல்காரன் உட்கார்ந்தால் குடித்துவிட்டு வந்தான் என்பார்கள். அதனால்தான் நானும் பேசவில்லை. அந்தக் கோடையிலேயே கடை எல்லோருக்கும் திறந்தது. உங்கள் சங்கத்துப் பையன்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, என் அம்மாவை வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். அதெல்லாம் எனக்கு நிறைவுதான். கழுத்து வெந்து கிடந்தபோது நீ வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் ஆறவில்லை.

விழாவுக்கு வருகிறேன். பேத்தி கார் ஓட்டுவாள். மேடையில் நீயே சொல்.

ஆம்ப்ரோஸ் கேட்ஸ்டன்

ஹார்லோ
22 பிப்ரவரி 2010

ஆம்ப்ரோஸ்,

நீ மூன்றாவது வரிசையில் இருந்தாய். எழுதிவைத்த காகிதம் என் கையில் இருந்தது. பையன்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் வாய் பழைய கதையையே சொன்னது, காபி உட்பட. நீ பேத்தியின் தோளைப் பிடித்து எழுந்து போனதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

மறுநாள் காலை சங்கத் தலைவனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இருபத்தொரு வயதுப் பிள்ளை; சங்க வழக்கப்படி என்னையும் அண்ணன் என்பான். "அவரு நேத்து இங்கதானே இருந்தாரு, அண்ணே? நேத்தே ஏன் சொல்லல?" என்றான். கல்லில் என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைச் செதுக்குகிறார்கள். கல்லூரிப் பத்திரிகைக்கும் என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் உன்னிடம் தொலைபேசியில் பேசுவான். கோபப்படாமல் பேசு, நல்ல பிள்ளை.

எனக்குப் பதில் போட வேண்டாம். உன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதை, இந்த முறையும் நீ போன பிறகுதான் சொன்னேன்.

லூசியஸ்